எந்தக் கட்சி சார் நீங்க?

தமிழனுக்கு எதை எடுத்தாலும் இரண்டு கட்சி வேண்டும். எம்.ஜி.ஆர். - சிவாஜி, ரஜினி - கமல், இளையராஜா - ரஹ்மான். ஏன், சாம்பாரில் வெல்லம் போடலாமா, கூடாதா என்பதில்கூட நம்மிடம் இரண்டு கட்சி உண்டு. ஒன்றில் சேர்ந்துவிட்டால் மற்றதைத் திட்டியே ஆகவேண்டும். அதுதான் சந்தா!

இந்தப் பட்டியலில் வீடியோ கேம் பெட்டியும் சேர்ந்து வெகு நாளாகிறது. டி.வி.யில் மாட்டி, கன்ட்ரோலரைப் பிடித்துக்கொண்டு, உடம்பை இடதும் வலதுமாகச் சாய்த்துச் சாய்த்து ஆடுவார்களே, அதேதான். பிளேஸ்டேஷனா, எக்ஸ்பாக்ஸா, நின்டெண்டோவா? இந்தக் கேள்வியை ஆபீஸ் கேன்டீனில் கேட்டுவிட்டு நிம்மதியாக ஒரு மெதுவடை சாப்பிட முடியாது. என் நண்பர்கள் இரண்டு பேர், ஏழு வருஷம் ஒரே பைக்கில் ஆபீஸ் போனவர்கள். இந்த விஷயத்தில் வார்த்தை தடித்து, இப்போது ஒருவன் மெட்ரோ ரயிலில் போகிறான்.

வீட்டுக்கு ஒரு பெட்டி வாங்கலாம் என்று தோன்றியபோது, பைக் வைத்திருப்பவனைக் கூப்பிட்டு யோசனை கேட்டேன்.

"எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் 12 டெராஃப்ளாப்டா! பிளேஸ்டேஷன் 5, பத்து சொச்சம்தான்."

"டெராஃப்ளாப்னா என்னடா?"

கொஞ்ச நேரம் மோட்டுவளையைப் பார்த்தான். "அது... நிறைய இருந்தா நல்லது."

பக்கத்தில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த என் மனைவி நிமிர்ந்து, "பேர்லயே ஃப்ளாப்னு இருக்கே, அதைப் போயா வாங்கப் போறீங்க?" என்றாள்.

சிரிப்புக்குச் சொன்னாலும் அதில் விஷயம் இருக்கிறது. இந்தத் தொழிலின் சரித்திரத்தில் பலசாலிப் பெட்டி ஜெயித்த கதை அபூர்வம். 2000ல் வந்த பிளேஸ்டேஷன் 2ஐவிட, 2001ல் வந்த மைக்ரோசாஃப்டின் முதல் எக்ஸ்பாக்ஸ் பலசாலி. விற்பனை? பிளேஸ்டேஷன் 2, 15 கோடிக்கும் மேல். எக்ஸ்பாக்ஸ் இரண்டரைக் கோடியைத் தொடவில்லை. பிளேஸ்டேஷனில் டி.வி.டி. போட்டுப் படம் பார்க்கலாம் என்பது ஒரு முக்கிய காரணம். "படம் பார்க்கலாம்ப்பா" என்று சொன்னால் எந்த ஊர் அப்பாவும் பர்ஸைத் திறப்பார் போலிருக்கிறது.

2006ல் நின்டெண்டோ கொண்டுவந்த 'வீ' இன்னும் நோஞ்சான். ஆனால் ரிமோட் மாதிரி ஒன்றைக் கையில் பிடித்து வீசினால் டி.வி.யில் பந்து உருளும். பாட்டிகூட ஆடலாம். 10 கோடிக்கு மேல் விற்று, அதே காலத்து பீமன்களான பிளேஸ்டேஷன் 3, எக்ஸ்பாக்ஸ் 360 இரண்டையும் தாண்டிவிட்டது.

சரி, விலையை வைத்துத் தீர்மானிக்கலாமா? விலைக்கு பலம் உண்டு. 1995 மே மாதம் லாஸ் ஏஞ்சலஸில் ஒரு பெரிய கண்காட்சி. சேகா கம்பெனியின் அமெரிக்கத் தலைவர் டாம் கலின்ஸ்கே மேடையேறி, "எங்கள் சாட்டர்ன் பெட்டி இன்றே கடைக்கு வந்துவிட்டது, விலை 399 டாலர்" என்று அறிவித்தார். பிறகு சோனியின் முறை. ஸ்டீவ் ரேஸ் என்பவர் வந்தார். '299' என்று ஒரே ஒரு எண்ணைச் சொன்னார். இறங்கிப் போய்விட்டார். நம் ஊர் மேடைகளில் நன்றியுரைக்கே முக்கால் மணி நேரம் ஆகும்! அந்த முதல் பிளேஸ்டேஷன் 10 கோடியைத் தாண்டியது. சாட்டர்ன் ஒரு கோடியைத் தொடவில்லை.

ஆனால் வாங்குகிற நமக்குப் பெட்டியின் விலை மட்டும் கணக்கில்லை. பி.காம். படித்த பாவத்துக்கு ஒரு பேப்பரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

2021ல் அமெரிக்காவில் ஆப்பிளுக்கும் எபிக் என்ற கேம் கம்பெனிக்கும் நடந்த வழக்கில், எக்ஸ்பாக்ஸ் பெட்டியை விற்பதில் லாபமே பார்த்ததில்லை என்று மைக்ரோசாஃப்ட் அதிகாரி ஒருவர் சாட்சி சொன்னார். அப்புறம் எதற்கு விற்கிறார்கள், தர்மத்துக்கா? பெட்டியைக் கொடுத்துவிட்டு கேமில் பிடிப்பார்கள். ரேஸரை மலிவாகக் கொடுத்து பிளேடில் சம்பாதிக்கிற அதே பழைய வியாபாரம்.

2021 பிப்ரவரியில் பிளேஸ்டேஷன் 5 இந்தியாவில் விற்பனைக்கு வந்தபோது விலை 49,990 ரூபாய். டிஸ்க் போடும் வசதி இல்லாதது 39,990. சோனியின் புதிய கேம் ஒன்று 4,999. வருஷத்துக்கு 4 கேம் வாங்கினால் 19,996. மூன்று வருஷத்தில் 59,988. பெட்டியைக் கேம் சாப்பிட்டுவிட்டது! இங்கேதான் அந்த டிஸ்க் போடும் வசதியைப் பார்க்கவேண்டும். நண்பர்கள் நாலு பேர் ஆளுக்கொரு டிஸ்க் வாங்கி மாற்றிக்கொண்டால், ஒரு கேம் விலையில் நாலு கேம். மிச்சம் 14,997. கூடுதலாகக் கொடுத்த 10,000 ஒரே வருஷத்தில் திரும்பிவிடும். டிஸ்க் இல்லாத பெட்டியில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. வாங்கிய கேமை விற்கவும் முடியாது, பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கொடுக்கவும் முடியாது.

இதன் அருமை 2013ல் எல்லோருக்கும் தெரிந்தது. எக்ஸ்பாக்ஸ் ஒன் என்ற புதுப் பெட்டியில் பழைய டிஸ்க்கை இஷ்டத்துக்குக் கைமாற்றக் கட்டுப்பாடு வரும் என்றது மைக்ரோசாஃப்ட். சோனி உடனே அரை நிமிஷம்கூட இல்லாத ஒரு வீடியோ எடுத்தது. பிளேஸ்டேஷன் 4ல் கேமை நண்பனுக்குக் கொடுப்பது எப்படி? ஒருவர் டிஸ்க்கை நீட்டுகிறார். மற்றவர் வாங்கிக்கொண்டு "தேங்க்ஸ்" என்கிறார். அவ்வளவுதான் வீடியோ! உலகமே சிரித்தது. அதே ஜூன் மாதம் மைக்ரோசாஃப்ட் கட்டுப்பாட்டை வாபஸ் வாங்கியது.

சண்டை போடுகிற தொண்டர்களுக்கு ஒரு செய்தி. 90களில் அமெரிக்கப் பையன்கள் மரியோ கட்சி, சோனிக் கட்சி என்று பிரிந்து நின்றார்கள். மரியோ நின்டெண்டோவின் மீசைக்காரர். சோனிக், சேகாவின் நீல முள்ளெலி. 2001 ஜனவரியில் சேகா பெட்டித் தொழிலுக்கே முழுக்குப் போடுவதாக அறிவித்தது. 2007ல் மரியோவும் சோனிக்கும் சேர்ந்து ஒரே ஒலிம்பிக்ஸ் கேமில் ஓடினார்கள். எக்ஸ்பாக்ஸின் குலதெய்வமான ஹேலோ, பிளேஸ்டேஷனுக்கும் வரும் என்று 2025 அக்டோபரில் அறிவிப்பு வந்தது. தலைவர்கள் கூட்டணி வைத்து பிரியாணி சாப்பிடும்போது, தொண்டன் மட்டும் மண்டையில் கட்டோடு போஸ்டர் ஒட்டிக்கொண்டிருப்பான். நமக்குத் தெரியாத சங்கதியா? அன்றைக்கு பைக் நண்பனுக்கு போன் செய்து சொன்னேன். "அது வேற விஷயம்டா" என்றான். தொண்டன் என்றால் இவன்தான்.

பலமும் இல்லை, கட்சியும் இல்லை என்றால் எதைப் பார்த்துத்தான் வாங்குவது? எனக்குத் தெரிந்து கேள்வி ஒன்றுதான்: யாரோடு ஆடப் போகிறீர்கள்?

1995ல் ஷா வாலஸ் கம்பெனி சேகாவின் பெட்டியை இந்தியாவில் விற்றபோது விலை 18,000 ரூபாய். அந்தக் காலத்தில் அந்தப் பணத்துக்கு வீட்டில் ஒரு விசேஷத்தையே முடித்துவிடலாம். அதனால் நம்மில் பலருக்கு வாய்த்தது 'டிவி கேம்' என்ற டூப்ளிகேட் பெட்டிதான். '9999 இன் 1' என்று கேஸட்டில் எழுதியிருக்கும். எண்ணிப் பார்த்தால் இருபது கேம் தேறாது. ஆனால் அதில் இரண்டு கன்ட்ரோலர் இருந்தது. ஒன்று அண்ணனுக்கு, ஒன்று தம்பிக்கு. கான்ட்ரா ஆடும்போது முதுகைக் காக்க ஒரு ஆள் இருந்தான். இன்றைக்கும் நினைவில் நிற்பது பெட்டியின் பிராண்டா, பக்கத்தில் உட்கார்ந்தவனா?

ஆகவே, கீழ்க்கண்டவாறு.

ஷேரிங் ரூமில் இருக்கும் பிரம்மச்சாரியா? மூன்று நண்பர்கள் எதை வைத்திருக்கிறார்களோ அதையே, டிஸ்க் போடும் வசதியோடு வாங்குங்கள்.

நண்பன் வெளியூர், வெளிநாடு போய்விட்டானா? அவனிடம் இருக்கும் பெட்டியை வாங்குங்கள். கட்சி தாண்டி ஆட விடுகிற கேம்கள் இப்போது இருக்கின்றன. எல்லாமே அப்படி இல்லை. ஆன்லைனில் சேர்ந்து ஆட பெரும்பாலான கேம்களுக்கு மாதச் சந்தா உண்டு என்பதையும் பட்ஜெட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

வீடு அடங்கிய பிறகு தனியாக ஆடுகிற ஆளா? எக்ஸ்பாக்ஸின் கேம் பாஸ் மாதிரி சந்தா கட்டி, நூற்றுக்கணக்கான கேம்களைப் புரட்டலாம். ஆனால் அது வாடகை வீடு. 2025 அக்டோபரில் அமெரிக்காவில் கேம் பாஸின் உயர்ந்த சந்தா 19.99 டாலரிலிருந்து 29.99க்குத் தாவியது. வாடகை ஏற்றுகிறவர்கள் நங்கநல்லூரில் மட்டும் இல்லை.

மனைவி, குழந்தை, பெற்றோர் எல்லாம் ஹாலில் இருக்கிறார்களா? நின்டெண்டோ ஸ்விட்ச். கம்பெனி நேரடியாக இந்தியாவில் கடை விரிக்கவில்லை. இறக்குமதிச் சரக்குதான், கடைக்காரர் வாக்குதான் வாரன்ட்டி. ரிச்சி ஸ்ட்ரீட்டில் முகம் தெரிந்த கடையாகப் பார்த்து, பில் கேட்டு வாங்கவும்.

எங்கள் வீடு நாலாவது ரகம். என் தலையீடு இல்லாமலே ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. அப்பாவும் நானும் பேசிக்கொள்வது கரன்ட் பில், பிரஷர் மாத்திரை இரண்டைப் பற்றி மட்டும்தான். ரிட்டயர் ஆனதிலிருந்து அப்படி. முதல் வாரம் அவர் பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு ஓரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது வாரம் என் மகள் பேப்பரைப் பிடுங்கிவிட்டு கன்ட்ரோலரைத் திணித்தாள்.

மரியோ கார்ட் என்று ஒரு கார் பந்தயம். அதில் ஒரு வசதி: வண்டி தானே ஓடும், ரோட்டை விட்டு இறங்காமல் தானே பார்த்துக்கொள்ளும். நாம் கொஞ்சம் திருப்பினால் போதும். லைசென்ஸே எடுக்காத என் அப்பா அதில் மூன்றாவதாக வந்தார். நான் ஐந்தாவது.

"டேய், வழி விடுடா! ஹாரன் எங்கே இருக்கு இதுல?" என்று அவர் போட்ட சத்தத்தில் கீழ் வீட்டுக்காரர் மேலே வந்து பார்த்துவிட்டுப் போனார். ராத்திரி சாப்பிடும்போது, அந்த வாழைப்பழத் தோலை எனக்கு முன்னால் போட்டது யார் என்று அப்பா விசாரணை வைத்தார். கரன்ட் பில் ஞாபகமே வரவில்லை.

உங்கள் வீட்டுக் கணக்கு வேறாக இருக்கலாம். பர்ஸைத் திறப்பதற்கு முன் பெட்டி விலை, கேம் விலை, சந்தா எல்லாவற்றையும் கூட்டி, கூட உட்கார்ந்து ஆடப்போகிற ஆட்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். விடை குறைவாக வருகிற பெட்டிதான் மலிவு. எங்கள் வீட்டில் நாலால் வகுத்தேன். கீழ் வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார், அதனால் அடுத்த மாதத்திலிருந்து ஐந்து. அப்பாவின் அந்தச் சத்தத்தை மட்டும் எந்தத் தலைப்பில் வரவு வைப்பது என்று பி.காம்.மில் சொல்லித்தரவில்லை.