ஒரு சீட்டுக்கு மூணு கடை

சைக்கிள்னா கியர், செயின், பிரேக் பத்தியெல்லாம் மணிக்கணக்கா பேசுவோம். உட்கார்ற இடத்தைப் பத்தி மட்டும் வாயே திறக்க மாட்டோம். சபை நாகரிகமாம்! இன்னிக்கு அதைக் கொஞ்சம் ஓரமா வச்சிட்டுப் பேசிடறேன் மக்களே.

போன வருஷம் எனக்கு சர்க்கரைன்னு சொல்லிட்டாங்க. முட்டி தேய்மானம், ஓடவும் முடியாது. மிச்சம் இருந்தது சைக்கிள்தான். தினமும் காலையில தாம்பரத்துல இருந்து வண்டலூர் வரைக்கும். இருபது நிமிஷம் மிதிச்சா போதும், கால் இடுக்குல மரத்துப் போயிடும். வலின்னா பல்லைக் கடிச்சுக்கலாம். மரத்துப் போறது வேற ரகம். சர்க்கரைக்காரனுக்கு 'நரம்பு போச்சோ'ன்னு வயித்தைக் கலக்கும்.

டாக்டர் பாதத்துல குத்திப் பார்த்துட்டு, "உணர்ச்சி நல்லா இருக்கு. இறங்கினா சரியாயிடுதுன்னா முதல்ல சீட்டைக் கவனிங்க. இப்படியே மட்டும் ஓட்டாதீங்க"ன்னார்.

சமாச்சாரம் இதுதான். இடுப்பெலும்போட அடியில ரெண்டு முட்டு எலும்பு இருக்கு. உடம்பு பாரம் அது மேல இறங்கணும். ரெண்டுக்கும் நடுவுல போற நரம்பையும் ரத்தக் குழாயையும் சீட்டு அமுக்கினா மரத்துப் போகும். 2008-ல வந்த ஒரு அமெரிக்க ஆய்வுல, சைக்கிள்ல ரோந்து போற 90 போலீஸ்காரங்களுக்கு மூக்கே இல்லாத சீட்டைக் கொடுத்து ஆறு மாசம் ஓட்டச் சொன்னாங்க. மரத்துப் போறது நல்லாவே குறைஞ்சதாம். ஆக இது வெறும் மனப்பிராந்தி இல்லை.

முதல் கடை, கண்ணாடி போட்ட ஷோரூம். "ஜெல் சீட் போடுங்க சார், மெத்தை மாதிரி இருக்கும்." ஓட்டிப் பார்த்துட்டு வாங்கலாமான்னு கேட்டேன். முடியாதாம். கும்பிடு போட்டுட்டு வந்துட்டேன்.

ரெண்டாவது, எங்க தெருமுனைத் தகரக் கொட்டகை பாய். மெத்தைன்னதும் சிரிச்சார். "சார், மெத்தைல எலும்பு உள்ள போயிடும், நடுவுல இருக்கிற பஞ்சு மேல ஏறும். அப்ப எங்க அமுக்கும்?" சீட்டு மேல ரசமட்டத்தை வச்சுக் காட்டினார். வண்டி வந்த நாள்லயே மூக்கு மேல தூக்கித்தான் மாட்டியிருக்காங்க. ஆலன் கீயைப் போட்டு மட்டமாக்கினார். பெடல் கீழ இருக்கும்போது குதிகாலை வைக்கச் சொல்லி, கால் நேரா நிக்கிற அளவுக்கு சீட்டை இறக்கினார். அதிக உயரமா இருந்தா இடுப்பு ரெண்டு பக்கமும் ஆடித் தேயுமாம். காசு? "டீ வாங்கிக் கொடு சார்." அவ்ளோதான்.

இருபது நிமிஷம் முப்பத்தஞ்சு ஆச்சு. இன்னும் கொஞ்சம் பாக்கி.

அகலம்தான் அந்தப் பாக்கி. அளக்கறது ரொம்ப சுலபம். கெட்டியான ஸ்டூல் மேல வரிவரியா இருக்கிற அட்டைப்பெட்டித் துண்டைப் போட்டு, லேசா முன்னால சாஞ்சு உட்கார்ந்து எழுந்திருங்க. ரெண்டு பள்ளம் விழும். நடுவுக்கு நடு அளந்தா எலும்பு அகலம். எனக்கு 13 செ.மீ. ஓரம் வளைஞ்சு இறங்கறதால சீட்டு அதைவிட ரெண்டு மூணு செ.மீ. அகலமா இருக்கணும். நிமிர்ந்து ஓட்டறவங்களுக்கு இன்னும் கொஞ்சம் கூட. என் சீட்டு 14 தான்! (வீட்டம்மா ஸ்டூல் பக்கம் வந்து பார்த்த பார்வையை இங்க எழுத முடியாது.)

மூணாவது கடைக்கார அண்ணன்கிட்ட, புது வண்டியில இருந்து கழட்டிப் போட்ட சீட்டுங்க ஒரு சாக்கு நிறைய. "500 ரூவா வச்சிட்டுப் போங்கண்ணே, வாரத்துக்கு ஒண்ணு மாத்திப் பாருங்க"ன்னார். மூணு வாரம், மூணு சீட்டு. மூணாவது செட் ஆச்சு. பதினாறு செ.மீ., கொஞ்சம் கெட்டி, நடுவுல பள்ளம். விலை 650.

இப்ப ஒரு மணி நேரம் மிதிக்கறேன், மரத்துப் போறதில்லை. பத்து நிமிஷத்துக்கு ஒருதடவை பெடல் மேல எழுந்து நின்னு ரத்தம் ஓட விடறேன். வண்டியை வித்துடலாமான்னு வீட்டுல கேட்டுக்கிட்டு இருந்த பேச்சும் நின்னாச்சு.

டிஸ்கி: எனக்குப் பொருந்தின சீட்டு உங்களுக்குப் பொருந்தணும்னு இல்லை. எலும்பு அவங்கவங்களுது. புது சீட்டுக்குக் காசு எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு அட்டைத் துண்டு, ஒரு ரசமட்டம். தெருமுனைக் கொட்டகைக்காரருக்கு மறக்காம ஒரு டீ :-)