காயல்பட்டினத்தில் ஓர் எழுத்தைத் தேடி

நெல்லையிலிருந்து திருச்செந்தூர் போகும் ரயிலில், ஆறுமுகநேரி தாண்டியதும் வரும் நிலையம் காயல்பட்டினம். பெட்டியில் இருப்பவர்களில் பாதிப் பேர் அடுத்து வரப்போகும் முருகன் கோயிலை நினைத்துப் பைகளை எடுத்து வைத்துக்கொண்டிருப்பார்கள். இங்கே இறங்குபவர்கள் கொஞ்சம் பேர்தான்.

ஊருக்குள் நுழைந்தால் நீண்ட தெருக்கள், ஒன்றையொன்று ஒட்டிய வீடுகள், நடுநடுவே பெண்கள் நடந்து போக வசதியான ஒடுங்கிய முடுக்குகள். மார்க்கோ போலோ 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிவைத்த 'காயல்' துறைமுகம் இந்தக் கரையோரம்தான் இருந்தது. அது பக்கத்திலுள்ள பழையகாயல் என்பது கால்டுவெல்லின் முடிவு. எப்படியானாலும், குதிரைகளையும் முத்துகளையும் ஏற்றி இறக்கிய கப்பல்களோடு அரபு மொழியும் இந்த மணலில் இறங்கியது.

விடிவதற்கு முன்னால் வந்தால்தான் இந்த ஊர் காதுக்குப் புரியும். சுப்ஹு தொழுகை முடிந்த கையோடு மதரஸாக்களில் பிள்ளைகள் ஓத உட்கார்ந்துவிடுவார்கள். 'படித்தல்' என்று யாரும் சொல்வதில்லை, 'ஓதுதல்'தான். தேவாரம் பாடுபவரை ஓதுவார் என்கிறோமே, அதே சொல். முன்னும் பின்னும் ஆடியபடி, ஆளுக்கொரு பக்கத்தை, ஆளுக்கொரு சுருதியில் ஓதுகிறார்கள். அந்த இரைச்சலுக்கு நடுவே உஸ்தாத் ஒரு பையனின் தவறை மட்டும் எப்படிப் பிடிக்கிறார் என்பது அவருக்கே வெளிச்சம்.

அந்தப் பள்ளிகளில் ஒன்றின் திண்ணையில், பிள்ளைகளிடமிருந்து சற்றுத் தள்ளி, அறுபத்தெட்டு வயதுக்காரர் ஒருவர் தினமும் வந்து உட்காருகிறார். வாழ்நாளில் பெரும்பகுதியை ஹாங்காங்கில் கல் வியாபாரத்தில் கழித்துவிட்டு ஊர் திரும்பியவர். எதிரே மரப்பலகையில் விரித்த குர்ஆன். அதற்கு அப்பால் அவரது ஆசிரியர்: இருபத்து நான்கு வயது ஹாபிழ். குர்ஆன் முழுவதையும் மனனம் செய்தவரை அப்படித்தான் சொல்வார்கள். மாணவரை அவர் 'மாமா' என்கிறார். மாணவர் அவரை 'தம்பி' என்று ஆரம்பித்து, நினைவு வந்ததும் 'உஸ்தாது' என்று திருத்திக்கொள்கிறார்.

பெரியவருக்கு ஓதத் தெரியாமல் இல்லை. ஆறு வயதில் தெரு லெப்பையிடம் பிரம்படி வாங்கி ஓதியவர்தான். குர்ஆனின் முதல் அத்தியாயமான பாத்திஹாவை ஒவ்வொரு ரக்அத்திலும் ஓத வேண்டும். ஐவேளைக் கடமையான தொழுகைகளில் நாளொன்றுக்கு 17 தடவை. அறுபது வருடங்களாக ஓதிவருகிறார். போன வருடம் வளைகுடாவிலிருந்து வந்த உறவுக்காரப் பையன் ஒருவன், "நீங்க கடைசி வார்த்தையைத் தப்பா ஓதுறீங்க" என்று சாப்பாட்டு வேளையில் சொல்லிவிட்டுப் போனான். அன்றிலிருந்து தூக்கம் போயிற்று.

வெளியாருக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். இந்தக் கடற்கரை ஷாஃபி வழியைப் பின்பற்றுவது. அந்த வழியின் பேரறிஞர் இமாம் நவவீ, 13ஆம் நூற்றாண்டிலேயே இதைப் பற்றி எழுதிவைத்திருக்கிறார்: அந்தச் சொல்லில் உள்ள 'ளாத்' என்ற எழுத்தை வேறோர் எழுத்தாக மாற்றி ஓதினால் அந்த ஓதல் செல்லாது. நாக்கு வராதவருக்கு மன்னிப்பு உண்டு. கற்றுக்கொள்ள முடிந்தும் கற்காதவருக்குத்தான் சிக்கல். 'நான் இதில் எந்த வகை?' என்பதுதான் பெரியவரின் கேள்வி.

குர்ஆனை எழுத்துச் சுத்தமாக ஓதும் கலைக்குத் தஜ்வீத் என்று பெயர். டமாஸ்கஸில் பிறந்து 1429இல் மறைந்த இப்னுல் ஜஸரீ, எழுத்துகள் பிறக்கும் இடங்களைப் பதினேழாகப் பிரித்தார். வாய்க்கூடு, தொண்டை, நாக்கு, உதடு, மூக்கு என்ற ஐந்து வட்டாரங்களில் அவை அடங்கும். தமிழ் படித்தவருக்கு இது அந்நியமாகப் படாது. தொல்காப்பியர் 'பிறப்பியல்' என்று ஓர் இயலையே ஒதுக்கி, தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நாக்கு, மூக்கு, அண்ணம் என்று எட்டு இடங்களைச் சொல்லிவிட்டாரே!

ஆனால், தமிழ் நாக்குக்கு அரபு எளிதில் வசப்படுவதில்லை. தொண்டையிலேயே ஆறு எழுத்துகள். நாம் 'ஹ' என்று ஒன்றாக எழுதுவது அங்கே இரண்டு. 'கல்ப்' என்பதை உள்நாக்குப் பக்கத்திலிருந்து சொன்னால் இதயம். சற்று முன்னால் வந்தால் நாய். 'அலீம்' என்பதைத் தொண்டையின் நடுவிலிருந்து அழுத்திச் சொன்னால் எல்லாம் அறிந்தவன். சாதாரண 'அ' போட்டுவிட்டால் வேதனை தரக்கூடியது. இறைவனின் பெயரே மாறிப்போகிறது.

நாம் கவனிக்காத இன்னொரு பழக்கமும் இருக்கிறது. மெய்யெழுத்தில் ஒரு சொல் முடிந்தால் நமக்குப் பொறுக்காது. கடைசியில் ஓர் 'உ' ஒட்டிவிடுவோம். பஸ் 'பஸ்ஸு' ஆவது போல, 'அஹத்' என்பது 'அஹது' ஆகிவிடுகிறது. அரபியில் அந்தக் கடைசி எழுத்து லேசாகத் துள்ள வேண்டும், உயிரெழுத்து ஒட்டக் கூடாது. பந்து தரையில் பட்டு எழும்புவதைப் போலத் துள்ளும் அந்த ஐந்து எழுத்துகளைச் சொல்லிக்கொடுக்க, ஹாபிழ் விரலால் பலகையில் தட்டிக் காட்டுகிறார். "தட்டின விரலை அங்கேயே வைக்காதீங்க மாமா, எடுத்துடணும்."

சரி, அந்த 'ளாத்'?

அரபியர் தங்கள் மொழியையே 'ளாதின் மொழி' என்று அழைத்துக்கொள்வார்கள். வேறு யாருக்கும் வராத எழுத்து என்ற பெருமிதம். இன்று எகிப்திய காரிகளின் ஒலிப்பதிவுகளில் அது கனமான 'த'வுக்கும் 'ட'வுக்கும் நடுவே கேட்கிறது. அல் ஹுஸரீ 1961இல் முழுக் குர்ஆனையும் நிதானமான நடையில் ஒலிப்பதிவு செய்தாரே, உலகெங்கும் பிள்ளைகள் கேட்டுப் பழகுவது அந்த மாதிரி உச்சரிப்பைத்தான். வளைகுடாப் பையன் சொன்னதும் அதைத்தான்.

ஆனால், 8ஆம் நூற்றாண்டு இலக்கண அறிஞர் சீபவைஹி, இந்த எழுத்து நாக்கின் ஓரம் கடைவாய்ப் பற்களைத் தொடும் இடத்தில் பிறக்கிறது என்று எழுதினார். பக்கவாட்டில் ஒலி வழியும் எழுத்து; 'ல'வுக்கும் 'ள'வுக்கும் உறவு. இதற்குச் சாட்சி பல கரைகளில் கிடக்கிறது. அரபியில் நீதிபதி 'அல் காளீ'. ஸ்பானியர்கள் அதை வாங்கி 'அல்கால்தே' ஆக்கினார்கள், அந்த 'ல்' அங்கிருந்து வந்ததுதான். வடக்கே பாரசீகம், உருது வழியாக வந்த சொல் 'ரம்ஜான்'. கடல் வழியாக வந்தது 'ரமளான்'. உளூ, பர்ளு, களா என்று தமிழ் முஸ்லிம் வீடுகளில் தினம் புழங்கும் சொற்களிலெல்லாம் அதே 'ள'. மலையாளக் கரையிலும் அப்படியே.

இதை ஹாபிழ் சொன்னபோது பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்ப எங்க லெப்பை சொன்னது சரியா?"

"முழுசும் சரியில்ல, மாமா. முழுசும் தப்பும் இல்ல." நம் 'ள'வில் நாக்கின் நுனி மடங்கி மேலே போகிறது. 'ளாத்'தில் நுனிக்கு வேலை இல்லை. நாக்கின் ஓரம் நீளவாக்கில் மேல் கடைவாய்ப் பற்களில் அழுந்த வேண்டும், பின்நாக்கு உயர வேண்டும், வாய் நிறைய ஒலி தங்க வேண்டும். "லெப்பை பாதி வழி கூட்டிட்டு வந்துட்டாரு. மீதியை நாம நடப்போம்."

மீதி வழிதான் நீளம். ஒரு சின்னக் கண்ணாடி வாங்கிவந்து வாயைத் திறந்து பார்த்தார். வலப்பக்கக் கடைவாயில் இரண்டு பற்கள் இல்லை. இடப்பக்கம் போதும், பலருக்கும் அதுதான் சுலபம் என்று ஹாபிழ் சமாதானம் சொன்னார். வீட்டில் பேரன், தாத்தா கன்னத்தை உப்பிக்கொண்டு முடுக்கில் முணுமுணுத்தபடி நடப்பதைப் பார்த்து நடித்துக் காட்டினான். திக்கித் திணறி ஓதுபவருக்கு இரண்டு கூலி என்ற நபிமொழியை மனைவி நினைவூட்டினார். "அப்ப நீங்க லாபத்துலதான் இருக்கீங்க." வியாபாரிக்குப் புரியும் கணக்கு.

இந்தக் கலையைப் புத்தகத்தில் மட்டும் படித்துத் தேற முடியாது. ஆசிரியரின் உதட்டைப் பார்த்து, அவர் ஓதியதைத் திருப்பி ஓதி, அவர் தலையசைத்த பிறகுதான் அடுத்த வரி. அந்த ஆசிரியருக்கு ஓர் ஆசிரியர், அவருக்கு ஒருவர் என்று நபிவரை போகும் பெயர் வரிசையைச் சான்றாகத் தருவார்கள். இப்போது செயலிகள் வந்துவிட்டன. வாட்ஸ்அப்பில் ஓதி அனுப்பினால் திருத்தி அனுப்பும் உஸ்தாதுகளும் உண்டு. ஆனாலும், நாக்கின் ஓரம் எங்கே படுகிறது என்பதைச் செல்போன் பார்க்காது.

மூன்று மாதம் கழிந்திருக்கும். ஒரு காலை, கடற்காற்று திண்ணைவரை வந்துகொண்டிருந்தது. பெரியவர் பாத்திஹாவை ஆரம்பித்தார். கடைசி வார்த்தைக்கு வந்ததும் வழக்கம்போல் நின்று, கண்ணை மூடி, எழுத்தை அழுத்தி, அதன் பின் வரும் 'ஆ'வை விரல் மடக்கி ஆறு எண்ணிக்கை நீட்டி முடித்தார். கண்ணைத் திறந்து காத்திருந்தார். ஹாபிழ் ஒன்றும் சொல்லவில்லை.

"என்ன உஸ்தாது, தப்பா?"

"இல்லையே. ஏன் நிறுத்திட்டீங்க?"

"நீங்க நிறுத்தலையே, அதான்."

ஹாபிழ் சிரித்தபடி பலகையை அவர் பக்கம் நகர்த்தி, அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.