சிறிய எஞ்சின்கள்

ஆனைகட்டியில் இருப்புப் பாதை இல்லை. ஆயினும் என் வீட்டு அலமாரியில் டீசல் எஞ்சின்களின் மாதிரி உருவங்கள் வரிசையாக நிற்கின்றன. உண்மை எஞ்சினை 87இல் ஒரு பங்காகக் குறுக்கிச் செய்தவை அவை.

அவற்றுள் இரண்டு உறவு முறையின. ஒன்று நம் நாட்டு ஒய்.டி.எம்.4, மற்றொன்று பால்கன் பகுதியான கிரேக்க நாட்டில் ஓடியது. இரண்டும் அமெரிக்க ஆல்கோ நிறுவனம் மீட்டர்கேஜ் பாதைக்கென வடிவமைத்தவை. கிரேக்கத்தின் பெலப்பொனேசுப் பகுதியில் அப்பாதை வண்டிகள் பெரும்பாலும் 2011ஆம் ஆண்டில் நின்றுபோயின. நம் பொள்ளாச்சி–பாலக்காடு மீட்டர்கேஜ் பாதையோ 2008இல் மூடப்பட்டு, 2015இல் அகலப் பாதையாகத் திறக்கப்பெற்றது.

"இவற்றைச் சேர்ப்பதால் என்ன பயன்?" என அன்பர்கள் வினவுவதுண்டு. அளவிலேதான் பயன் இருக்கிறது. கடையில் கிடைக்கும் ஐரோப்பிய மாதிரித் தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீட்டர். நம் அகலப் பாதையின் 1676 மில்லிமீட்டரை 87ஆல் வகுத்தால் 19க்கு மேல் வரும்; ஆகவே இக்கால எஞ்சின் அதன்மேல் பொருந்தாது. மீட்டர்கேஜ் எஞ்சினுக்கோ 12 மில்லிமீட்டர் தண்டவாளம் ஏறக்குறையச் சரியாக அமைகிறது. மறைந்த வண்டியையே உள்ளபடி காட்ட முடிகிறது!

என் பெற்றோர் பிழைப்புத் தேடி, மூட்டை முடிச்சுகளோடு பாலக்காட்டில் வந்து இறங்கியது அத்தகைய வண்டியிலிருந்துதான். இங்கே பிறந்த என் பிள்ளைகள் அதனைக் கண்டதில்லை. "தாத்தா எப்படி வந்தார்?" என்று அவர்கள் கேட்கும்போது, அந்த எஞ்சினை அவர்கள் கையில் கொடுத்து விடை கூறுகிறேன்.

பணம் செலவிட்டுப் பல உருவங்களைச் சேர்க்க வேண்டுவதில்லை. பழைய படமொன்றும் அட்டையும் கத்தரியும் போதும். தம் முன்னோர் ஏறிவந்த வண்டியை ஒவ்வொரு குடும்பத்தாரும் பிள்ளைகளோடு அமர்ந்து செய்து வைப்பார்களாக.