எழுத்துருவும் எழுத்தும்

2004இல் அம்பத்தூர் டி.டி.பி. நிலையமொன்றில் அச்சுக்கோத்துக் குறுந்தகட்டில் பெற்ற என் எம்.ஃபில். ஆய்வேடு, இன்றைய கணினியில் பொருளற்ற குறிகளாய்த் தோன்றுகிறது. ஆங்கில எழுத்துகளுக்குரிய எண்களில் தமிழ் வடிவங்களை அமர்த்தியவை அந்நாளைய எழுத்துருக்கள் பல. எழுத்துரு இல்லையேல் தமிழும் இல்லை. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாடு பொதுத் தரங்களையும் ‘தமிழ்99’ விசைப்பலகையையும் முன்வைத்தது. 2010இல் தமிழக அரசு ஒருங்குறியை ஏற்றது.

கடவுச்சொல் கள்வரிடமிருந்து காக்கும்; காலத்திடமிருந்து காக்காது. ஏடு செல்லரிக்குமுன் படியெடுத்தோரால் அன்றோ இலக்கியம் நமக்கு எஞ்சியது? மாணவச் செல்வங்களே! பெரியோர் எழுதிக் குறுந்தகடுகளில் உறங்குவனவற்றை, அவற்றைப் படித்துச் சரிபார்க்க அவர்கள் நம்மிடையே இருக்கும்போதே ஒருங்குறிக்கு மாற்றி வையுங்கள்.