பனிப்புயல் ஆட்டவிதியான கதை

உலகின் தொன்மங்களும் நாட்டார் கதைகளும் கற்பனை வகை வீடியோ விளையாட்டுகளுக்குள் வந்து சேர்ந்த பாதை பெரும்பாலும் நேரானதன்று. பழைய நோர்ஸ் மொழியின் 'வோலுஸ்பா' என்னும் தொன்மப் பாடலிலிருந்து குள்ளர்களின் பெயர்களை எடுத்துத் தம் கதைகளில் கையாண்டவர் ஜே. ஆர். ஆர். டோல்கீன்; அவர் படைத்த உலகின் சாயலை 1974இல் வெளிவந்த 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் மேசை விளையாட்டு வாங்கிக்கொள்ள, அதனிடமிருந்து கணினி விளையாட்டுகள் பெற்றுக்கொண்டன. இப்படிக் கைமாறி வந்ததில், ஒரு காலத்தில் மக்கள் அஞ்சியும் வணங்கியும் வாழ்ந்த உருவங்கள் எந்த மண்ணையும் சாராத வெறும் பாத்திர வகைகளாகச் சுருங்கிவிட்டன. பெயரைக் கடன் வாங்குவது எளிது; கதைக்குள் உலகம் எப்படி இயங்குகிறதோ அந்த இயக்கத்தையே ஆட்டத்தின் விதியாக்குவது அரிது.

அந்த அரிய முயற்சிகளுள் ஒன்று, 2014 நவம்பரில் வெளியான 'நெவர் அலோன்'. அலாஸ்காவின் வடபகுதியில் வாழும் பழங்குடியினரான இன்யூபியாட் மக்களின் கதைகளை அடிப்படையாகக் கொண்ட இதை, அங்கரேஜ் நகரில் இயங்கும் 'குக் இன்லெட் பழங்குடி மன்றம்' என்னும் தொண்டு நிறுவனம் முன்னின்று உருவாக்கியது. ஓயாத பனிப்புயலின் மூலத்தைத் தேடிப் புறப்படும் ஒருவனைப் பற்றி ராபர்ட் நாஸ்ருக் கிளீவ்லண்ட் என்னும் கதைசொல்லி சொல்லிவந்த 'குனூக்சாயுகா' என்னும் வாய்மொழிக் கதையே இதன் முதுகெலும்பு. புயல் என்பது இயற்கையின் குருட்டுச் சீற்றமன்று, எங்கோ ஒருவன் வாய்ச்சியால் பனியை வெட்டி வீசிக்கொண்டிருப்பதன் விளைவு என்பது அக்கதையின் உயிரான கற்பனை.

விளையாட்டில் நூனா என்னும் சிறுமி, வெண்ணிற ஆர்க்டிக் நரி ஒன்றின் துணையோடு அந்தப் புயலுக்குள் நடக்கிறாள். காற்று எதிர்த்து வீசும்போது குனிந்து தரையோடு ஒட்டிக்கொள்ளாவிட்டால் அவள் பின்னோக்கித் தள்ளப்படுவாள். காற்று முதுகுப்புறமிருந்து வீசும் கணத்தில் தாவினாலோ, தன் வலிமையால் தாண்ட முடியாத பிளவையும் தாண்டிவிடுவாள். எதிரியாக வந்த காற்றே சமயம் பார்த்துப் பயன்படுத்துவோருக்குத் துணையாகும் இந்த விதியை எந்தப் பாத்திரமும் உபதேசிப்பதில்லை. பனிவெளியில் வாழ்வோர் கற்றிருக்கும் பொறுமையை விளையாடுபவரின் விரல்களே கற்றுக்கொள்கின்றன. அவ்வாறே, கண்ணுக்குப் புலனாகாத துணை ஆவிகளை வெளிப்படுத்தும் ஆற்றல் நரிக்கே உண்டு. அவற்றின் மேல் கால்வைத்து ஏறும் நூனாவோ, கயிற்று நுனிகளில் எடை கட்டிச் சுழற்றி எறியும் 'போலா' என்னும் கருவியால் வழியில் உள்ள தடைகளை உடைக்கிறாள். இருவரில் ஒருவர் மடிந்தால் மற்றவரால் மேலே செல்ல இயலாது. வடதுருவ ஒளியில் இறந்தோரின் ஆவிகள் உலவுகின்றன என்னும் நம்பிக்கையும், பாய்ந்து வந்து சிறுமியைக் கவ்வும் பச்சை உருவங்களாக ஆட்டத்துக்குள் வந்து, அழகையும் அச்சத்தையும் ஒரே காட்சியில் நிறுத்துகிறது.

இடையிடையே வரும் கதைக்காட்சிகள், வால்ரஸ் தந்தத்தில் கோடு கீறி அதில் கருமை ஏற்றும் கைவினையைப் போல வரையப்பட்டுள்ளன. வழியில் தென்படும் ஆந்தைகளை அடைந்தால், இன்யூபியாட் மக்களே தம் வாழ்வைப் பேசும் சிறு ஆவணப்படங்கள் திறக்கும். இவை ஆட்டத்தின் ஓட்டத்தைத் தடுக்கின்றன என்று குறை கூறலாம்; ஆனால் கதையை உடையவர்களின் முகங்களைக் காணாமல் அவர்களுடைய கதைக்குள் மட்டும் உலவிவிட்டு வருவதைவிட அந்தத் தடை மேலானது. உரிமையைப் பற்றிய இந்த அக்கறை தயாரிப்பிலும் இருந்தது. வாய்மொழிக் கதைக்கும் அதைக் காத்துவந்த குடும்பம் உண்டு என்பதை உணர்ந்து, கிளீவ்லண்டின் மகள் மின்னி கிரேயின் இசைவைப் பெற்ற பிறகே கதையைக் கையாண்டார்கள். கதை சொல்லும் குரலும் அம்மக்களின் மொழியான இன்யூபியாக்கிலேயே ஒலிக்கிறது. உலகின் எந்த மூலையில் அமர்ந்து ஆடுபவரும் அம்மொழியைச் செவியால் கேட்டபடியேதான் பொருளைத் திரையின் அடியில் எழுத்தாகப் படித்துக்கொள்கிறார்.