பனிமலையும் பாடவேளையும்



அண்மையில் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது, முன்னாள் மாணவர் ஒருவரின் தந்தை என்னைத் தனியே அழைத்தார். "ஐயா, என் மகன் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு படிக்கிறான். வார இறுதி வந்தால் மலையேறப் போய்விடுகிறானாம். படிப்பு என்னவாகும் என்று பயமாக இருக்கிறது. தடுத்துவிடட்டுமா?" என்று கேட்டார்.

பத்து ஆண்டுகளுக்கு முன்பு இக்கேள்வியை யாரேனும் கேட்டிருந்தால், "உடனே தடுத்துவிடுங்கள்" என்று ஒரு நொடியும் தாமதியாமல் கூறியிருப்பேன். இன்று அப்படிக் கூற என்னால் இயலவில்லை. அதற்குக் காரணம் என் மகள். அவரிடம் கூறிய அதே கதையை இங்கும் பகிர்ந்துகொள்கிறேன்.

என் மகள் 2015ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம், நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் உள்ள கேண்டர்பரி பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிக்கச் சென்றாள். ஊழியர் சேமநிதியிலிருந்து பணம் எடுத்தோம். போதாததற்கு என் துணைவியாரின் நகைகள் சில அடகுக் கடைக்குச் சென்றன. கேமரன் மலையில் போர்வை போர்த்திக்கொண்டு நடுங்கியதே நாங்கள் அறிந்த அதிகபட்சக் குளிர். அப்படிப்பட்ட குடும்பத்திலிருந்து ஒரு பெண் பனிநாட்டுக்குப் போகிறாளே என்று நாங்கள் கவலைப்பட்டது அவளது உடல்நலத்தைப் பற்றித்தான். பனியின்மேல் அவளுக்கு ஆசை வரும் என்று எண்ணிப் பார்க்கவில்லை.

அவ்வாண்டு ஆகஸ்டு மாதம், உறவினர் ஒருவர் முகநூலில் வந்த ஒரு படத்தை எனக்குக் காட்டினார். வெள்ளை வெளேர் என்ற மலைச்சரிவில், காலில் நீண்ட சறுக்குக் கட்டைகளோடு, சிவப்பு மேலங்கி அணிந்து என் மகள் சிரித்துக்கொண்டிருந்தாள். அழகான படம்தான். ஆனால் வருகைப் பதிவேட்டோடு வாழ்ந்து பழகிய என் கண், படத்தின் தேதியைத்தான் முதலில் பார்த்தது. அன்று வியாழக்கிழமை!

உடனே தொலைபேசியில் அழைத்தேன். நம் நேரத்தைவிட நான்கு மணி நேரம் முந்திய நாடு அது, அங்கே நள்ளிரவு. "நாங்கள் பணம் கட்டுவது படிப்பதற்கா, பனியில் சறுக்குவதற்கா?" என்று கேட்டேன். அவள் பதில் சொல்லவில்லை. "இனிமேல் அந்தப் பக்கமே போகக்கூடாது" என்று கட்டளையிட்டு வைத்துவிட்டேன். அதன்பின் மூன்று வாரங்கள் அவள் தன் தாயிடம் மட்டுமே பேசினாள்.

மூன்றாம் வார இறுதியில் அவளே என்னை அழைத்தாள். கணித இடைத்தேர்வில் நூற்றுக்கு 41 புள்ளிகளே கிடைத்ததாக அழாத குறையாகச் சொன்னாள். முதலாண்டுப் பாடங்களில் தேறினால்தான் இரண்டாம் ஆண்டில் பொறியியல் துறைக்குள் நுழைய முடியும். எனக்கு உள்ளூர நடுக்கம். ஆனால் என் வாயிலிருந்து வந்தது, "அன்றே சொன்னேன் அல்லவா?" என்பதுதான். தவறிய பிள்ளையிடம் நாம் சொல்லும் சொற்களிலேயே பயனற்ற சொல் அதுவாகத்தான் இருக்கும். என்றாலும் அதுதான் முதலில் வருகிறது.

இரண்டு நாள் கழித்து அவளிடமிருந்து நீண்டதொரு மின்னஞ்சல் வந்தது. இன்றும் அதைப் பாதுகாத்து வைத்திருக்கிறேன். அதில் கெஞ்சலும் இல்லை; வாதமும் இல்லை. கணக்கு இருந்தது.

கிறைஸ்ட்சர்ச் ஒரு சமவெளி நகரம். மேற்கே தென் ஆல்ப்ஸ் மலைத்தொடர். மவுண்ட் ஹட், போர்ட்டர்ஸ், கிரெய்கிபர்ன் முதலிய பனிச்சறுக்கு மலைகள் காரில் சென்றால் ஏறத்தாழ ஒன்றரை இரண்டு மணி நேரத் தொலைவுக்குள் இருக்கின்றன. இவற்றுள் சில, மன்ற உறுப்பினர்களே கூடி உழைத்து நடத்துபவை. அங்கே சொகுசு நாற்காலிகள் கிடையா. ஓடிக்கொண்டிருக்கும் கயிற்றில், இடுப்பு வாரோடு பிணைத்த இரும்புக் கவ்வியை மாட்டிக்கொண்டு மேலே இழுபட்டுச் செல்ல வேண்டும். பனிக்காலம் ஜூன் மாதம் தொடங்கி அக்டோபர் வரை நீடிக்கும். பல்கலைக்கழகத்தின் இரண்டாம் பருவமோ ஜூலை நடுவில் தொடங்குகிறது. ஆக, பனியும் பாடமும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுகின்றன. சிக்கல் அங்கேதான் பிறக்கிறது.

"அப்பா, நான் செய்த தவறு சறுக்கப் போனது அன்று; பனியைத் துரத்திப் போனது" என்று எழுதியிருந்தாள். புதுப்பனி பெய்த செய்தி காலையில் வந்தால் போதும், நண்பர்கள் காரைக் கிளப்புவார்களாம். செவ்வாய் என்றாலும் வியாழன் என்றாலும் அவளும் ஏறிக்கொள்வாளாம். அவ்வாறு அவள் தவறவிட்டவை மூன்று கணிதப் பயிற்சி வகுப்புகள். தேர்வில் அவள் கோட்டைவிட்ட கேள்விகளும் அவ்வகுப்புகளில் நடந்த பாடங்களிலிருந்தே வந்திருந்தன.

அடுத்து வந்தது வாரக் கணக்கு. அந்நாட்டில் ஒரு பாடப்புள்ளிக்குப் பத்து மணி நேர உழைப்பு என்பது பொது அளவு. ஒரு பருவத்திற்கு 60 புள்ளிகள். ஆகவே 600 மணி நேரம். தேர்வு வாரங்களையும் சேர்த்து ஏறத்தாழ 15 வாரங்கள் என்று கொண்டால், வாரத்திற்கு 40 மணி நேரம் படிக்க வேண்டும். ஒரு வாரத்திற்கு 168 மணி நேரம். உறக்கத்திற்கு 56, படிப்பிற்கு 40, உணவகத்தில் பாத்திரம் கழுவும் பகுதிநேர வேலைக்கு 8, சமையல், துவைத்தல், போக்குவரத்து முதலியவற்றுக்கு 35. கூட்டினால் 139. மிச்சம் 29. மலைக்கு ஒரு முழுநாள் சென்று வந்தால் 13 மணி நேரம் போகும். அதன் பிறகும் 16 மணி நேரம் கையில் இருக்கிறது.

கணக்கின் கீழே தனக்குத் தானே விதித்துக்கொண்ட நான்கு விதிகள்:

1. சனிக்கிழமை மட்டுமே மலை. வாரநாளில் எவ்வளவு பனி கொட்டினாலும் போவதில்லை.

2. வெள்ளி இரவு ஒன்பது மணிக்குள் அவ்வார வேலைகள் முடிந்திருக்க வேண்டும். முடியாவிட்டால் சனிக்கிழமையும் இல்லை.

3. தேர்வுக்கு முந்திய இரண்டு வாரங்கள் மலைப்பக்கம் தலைகாட்டுவதில்லை.

4. காற்றினால் மலை மூடப்பட்டால், அந்நாள் படிப்பிற்கு உரியது. ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிக்கொள்வதில்லை.

நான்காம் விதியைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பலத்த காற்று அடித்தால் மவுண்ட் ஹட்டை மூடிவிடுவார்கள். அதனால் உள்ளூர் மக்கள் அதனை ‘மவுண்ட் ஷட்’, அதாவது மூடிய மலை, என்று கேலியாக அழைப்பதுண்டு. பின்னாளில் அவள் சொன்னாள், "மூடிய மலை எனக்குப் பல பாடங்களில் கைகொடுத்தது அப்பா. அதிகாலையிலேயே எழுந்து ஆயத்தமாக இருப்பேன். மலை இல்லை என்றால் நேரே நூலகம்தான்."

மின்னஞ்சலின் இறுதியில் இருந்த சில வரிகளே என்னை உலுக்கிவிட்டன. "அப்பா, 2008இல் நான் உங்கள் ஆறாம் ஆண்டு வகுப்பில் இருந்தேன். அவ்வாண்டு உடற்கல்விப் பாடவேளை எங்களுக்கு ஒருமுறைகூடக் கிடைக்கவில்லை. படிப்பும் விளையாட்டும் ஒரே வாரத்தில் எப்படி இருக்க முடியும் என்று எனக்கு யாரும் காட்டவில்லை. இப்போதுதான் கற்றுக்கொள்கிறேன். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்."

ஆசிரிய நண்பர்களே, இதை எழுதக் கை கூசுகிறது. அவள் சொன்னது உண்மை. யுபிஎஸ்ஆர் தேர்வை முன்னிட்டு உடற்கல்வி நேரங்களைக் கணிதப் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டவன் நானே. யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. நானே கேட்டு வாங்கினேன், பெற்றோரும் பாராட்டினர். பிள்ளைகள் சன்னல் வழியே திடலைப் பார்த்துக்கொண்டு பின்னக் கணக்குச் செய்தார்கள். அவர்களின் நேரத்தை நானே அடுக்கிக் கொடுத்துவிட்டதால், தங்கள் நேரத்தைத் தாங்களே அடுக்கும் வாய்ப்பு அவர்களுக்கு வரவே இல்லை. பதினெட்டு, பத்தொன்பது வயதில், யாரும் மணி அடிக்காத ஓர் இடத்திற்கு அனுப்பிவிட்டு, "பார்த்து நடந்துகொள்" என்கிறோம். எதை வைத்துக்கொண்டு நடந்துகொள்வார்கள்?

பிறகு நானும் பனிச்சறுக்கைப் பற்றித் தேடிப் படித்தேன். ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் மாணவர்கள் 1922லேயே சுவிட்சர்லாந்தின் வெங்கன் என்னும் ஊரில் பனிச்சறுக்கில் மோதியிருக்கிறார்கள். பல்கலைக்கழக மாணவர்களுக்கென்றே குளிர்கால உலக விளையாட்டுப் போட்டி 1960இல் பிரான்சின் ஷாமனியில் தொடங்கியிருக்கிறது. நான் ஊதாரித்தனம் என்று எண்ணியது, பனி விழும் நாடுகளில் மாணவ வாழ்வின் ஒரு பகுதி. நம் பிள்ளைகளுக்குப் பூப்பந்தும் காற்பந்தும் போல.

அவள் விதிகளை ஏற்றுக்கொண்டேன். இறுதித் தேர்வில் முயன்று அக்கணிதப் பாடத்தில் தேறினாள். கட்டுமானப் பொறியியல் துறையில் இடமும் கிடைத்தது. எல்லாம் இனிதாகவே முடிந்தது என்று நான் கதை அளக்கப் போவதில்லை. 2016ஆம் ஆண்டு சரிவில் விழுந்து வலக்கைக் கட்டைவிரலில் அடிபட்டது. கைத்தடியைப் பிடித்தபடி விழுவோர்க்கு இது வழக்கமாக நேரும் காயமாம். இரண்டு வாரம் பேனா பிடிக்க முடியாமல், நண்பரின் குறிப்புகளை நம்பி இருந்தாள். செலவும் குறைவன்று; பழைய சறுக்குக் கட்டைகளை வாங்கியும் பகுதிநேர ஊதியத்தில் மிச்சம் பிடித்தும் சமாளித்தாள். பனிச்சறுக்கினால் அவளுக்கு மதிப்பெண் கூடியது என்றும் சொல்லமாட்டேன். அவளுக்குக் கூடியது வேறொன்று. சனிக்கிழமை ஒன்று காத்திருந்ததால், திங்கள் முதல் வெள்ளி வரை ஒவ்வொரு மணி நேரத்திற்கும் ஒரு பெயர் இருந்தது.

2018 ஆகஸ்டு பள்ளி விடுமுறையில் நானும் துணைவியாரும் அவளைக் காணச் சென்றோம். அது அவளது இறுதியாண்டு. போர்ட்டர்ஸ் மலையில், தொடக்கநிலையினர் பயிலும் சிறு சரிவில், ஐம்பது வயது கடந்த என்னையும் சறுக்குக் கட்டைகளில் ஏற்றிவிட்டாள். முன்முனைகளை நெருக்கி, பின்முனைகளை அகற்றி வைத்தால் வேகம் குறையும் என்றாள். கேட்கும்போது எளிதாகத்தான் இருந்தது! நழுவத் தொடங்கியதும் அச்சத்தில் பின்னால் சாய்ந்தேன், விழுந்தேன். மீண்டும் சாய்ந்தேன், மீண்டும் விழுந்தேன். ஐந்து வயதுப் பிள்ளைகள் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

"பின்னால் சாய்ந்தால் கட்டைகள் உங்கள் பேச்சைக் கேட்காது அப்பா. பயமாக இருக்கும்போதுதான் முன்னால் சாய வேண்டும்" என்றாள். ஏழாவதோ எட்டாவதோ முறை, பத்து மீட்டர் தூரம் விழாமல் வந்து நின்றேன். அத்தனை முறையும் கைகொடுத்துத் தூக்கிவிட்ட அவள், ஒருமுறைகூட "எத்தனை தடவை சொல்வது?" என்று கேட்கவில்லை. வகுப்பில் நான் நாள்தோறும் கேட்கும் கேள்வி அது.

2016ஆம் ஆண்டு முதலே உடற்கல்விப் பாடவேளைகளை நான் தொடுவதில்லை. தொடக்கத்தில் பெற்றோர் சிலர் வருத்தப்பட்டனர். அவ்வாண்டு என் வகுப்பின் கணிதத் தேர்ச்சி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அப்படியானால் அத்தனை ஆண்டுகள் நான் எடுத்துக்கொண்ட நேரங்கள் எதற்காக? இக்கேள்விக்கு என்னிடம் இன்றுவரை பதில் இல்லை. யுபிஎஸ்ஆர் தேர்வு 2021ஆம் ஆண்டு அகற்றப்பட்டுவிட்டது. திடல் நேரத்தை வகுப்பறைக்குள் இழுத்துக்கொள்ளும் ஆசை மட்டும் நம்மிடமிருந்து இன்னும் அகலவில்லை.

அந்தத் தந்தையாரிடம் இறுதியாக இதைத்தான் கூறினேன்: "தடுக்காதீர்கள் ஐயா, கேளுங்கள். எந்தக் கிழமை போகிறாய்? போவதற்கு முன் எதை முடித்திருப்பாய்? மழை பெய்து மலைக்குப் போக முடியாவிட்டால் அந்நாளை என்ன செய்வாய்? மூன்றுக்கும் விடை வைத்திருந்தால் அச்சப்பட வேண்டாம். விடை இல்லையென்றால், அதட்டாமல், அவனோடு உட்கார்ந்து 168 மணி நேரத்தைக் கூட்டிப் பாருங்கள்."

அவர் தலையசைத்துவிட்டு, "நான் இதுவரை அவன் எந்த மலைக்குப் போகிறான் என்றுகூடக் கேட்டதில்லை" என்றார்.

நானும் முதலில் கேட்கவில்லை.