என் எழுத்து வளர்ந்த விதம்



‘என் எழுத்து வளர்ந்த விதம்’ எனும் தலைப்பில் கட்டுரை எழுதுமாறு ஆறாம் ஆண்டு மாணவர்களைப் பணித்தேன். முதல் வரைவில் பெரும்பாலோர், ‘ஆசிரியரின் வழிகாட்டலால் முன்னேறினேன்’ என்றே எழுதியிருந்தனர். அது நன்றியுரை, சுயமதிப்பீடு அன்று.

மறுவாரம், நான் பத்திரப்படுத்தியிருந்த அவர்தம் நான்காம் ஆண்டுக் கட்டுரைப் புத்தகங்களைத் திருப்பிக் கொடுத்தேன். பழைய வாக்கியம் ஒன்றையும் புதிய வாக்கியம் ஒன்றையும் அருகருகே எழுதி, வேறுபாட்டை விளக்கச் சொன்னேன்.

ஒரு மாணவி தேர்ந்தெடுத்தது பாட்டியின் மறைவு. அன்று எழுதியது: ‘நான் சோகக் கடலில் மூழ்கினேன்.’ இன்று எழுதியது: ‘பாட்டியின் மூக்குக்கண்ணாடி இன்னும் சாமி மேடையருகேதான் இருக்கிறது. யாரும் அதை எடுக்கவில்லை.’ கீழே, ‘அன்று மனனம் செய்ததை எழுதினேன், இப்பொழுது வீட்டில் கண்டதை எழுதினேன்’ என்று விளக்கியிருந்தாள்.

யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் அகற்றப்பட்டது. ஆயினும், மாதிரிக் கட்டுரைகளை மனனம் செய்விக்கும் வழக்கம் நம் வகுப்பறைகளில் முற்றாக மறையவில்லை. அம்மாணவி தானே கண்டுணர்ந்த வளர்ச்சியை எந்தப் புள்ளியும் அவளுக்குக் காட்டியிராது.

ஆண்டிறுதியில் கட்டுரைப் புத்தகங்களை வீசிவிடாதீர்கள், அன்பர்களே. அடுத்த ஆண்டு அவை தேவைப்படும்.